ஹெரிஃபோர்டுஷயர் கிராமத்தில் பழைய மரச்சட்ட வீடு: வாங்கலாமா?

கேள்வி (எழுதியவர்: ஓடைக்கரை)

அனைவருக்கும் வணக்கம். நான்கு ஆண்டுகளாக இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டு நகரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நான் மருத்துவமனையில் வேலை செய்கிறேன். மாதத்தில் ஆறேழு இரவுப் பணி வரும். மனைவி வீட்டிலிருந்தபடியே மென்பொருள் வேலை பார்க்கிறார். மகளுக்கு ஏழு வயது. நகரத்திலேயே புதுக் குடியிருப்பு ஒன்றில் வாங்கிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தோம். ஆனால் சென்ற ஜூன் மாதம் லெம்ஸ்டரிலிருந்து கிங்டனுக்குப் போகும் ஏ44 சாலையில், பெம்பிரிட்ஜை ஒட்டிய ஒரு சிற்றூரில் விற்பனைப் பலகையைக் கண்டு வண்டியை நிறுத்தினோம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

வீடு 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கறுப்பு ஓக் சட்டங்களும் வெள்ளைச் சுவருமாக இந்தப் பக்கத்துக்கே உரிய கட்டடம். பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடங்களின் அரசுப் பட்டியலில் இரண்டாம் தரத்தில் (கிரேட் 2) இருக்கிறது. அரை ஏக்கர் தோட்டம், அதன் கோடியில் ஆரோ ஆற்றில் போய்ச் சேரும் ஓர் ஓடை, நான்கு ஆப்பிள் மரங்கள். கேட்கும் விலை 3 லட்சத்து 60 ஆயிரம் பவுண்டு. சூடேற்ற எண்ணெய்க் கொதிகலன். கழிவுக்குப் பக்கத்து வீட்டுடன் பொதுவான செப்டிக் டேங்க். வீட்டுக்காரர் 1974 முதல் அங்கேயே வாழ்கிறார். தோட்டத்தின் ஒரு மூலையில் இன்னொரு வீடு கட்ட வருங்காலத்தில் அனுமதி கிடைக்கக்கூடும் என்று தரகர் சொன்னார்.

சென்னை பள்ளிக்கரணையில் என் பெயரில் ஓர் அடுக்குமாடி வீடு இருக்கிறது. அதை வாடகைக்கு விட்டிருக்கிறோம். இந்நாட்டில் வாங்கும் முதல் வீடு இதுதான் என்பதால், முதல்முறை வாங்குவோர் சலுகையில் முத்திரை வரி 3,000 பவுண்டுதான் வரும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.

கிராமத்தில் வாழ்ந்தவர்கள், வாங்கியவர்கள், வாங்கி வருந்தியவர்கள் எவரானாலும் எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில்தான் நான் வளர்ந்தேன். ஆகவே கிராமம் எனக்குப் புதிதல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

பதில் 1 (எழுதியவர்: வெப்ளி அக்கா)

பதினோரு ஆண்டுகளாக இந்தப் பக்கத்தில் இருக்கிறேன். பலகையில் வெயோப்ளி என்று எழுதியிருக்கும் என் ஊரை வெப்ளி என்று சொல்ல எனக்கு ஆறு மாதம் ஆனது. லியோமின்ஸ்டர் என்று எழுதும் ஊரை நீங்கள் ஏற்கெனவே லெம்ஸ்டர் என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் ஊர் உங்களுக்குப் பாதி பழகிவிட்டது. ஆனால் கிராமம் புதிதல்ல என்று நீங்கள் எழுதியதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நம் கிராமத்தில் தெருவில் ஆள் இருப்பார்கள். இந்தக் கவுண்டி முழுவதிலும் சதுரக் கிலோமீட்டருக்கு 86 பேர்தான் இருக்கிறார்கள், அதிலும் பாதிக்கு மேற்பட்டோர் ஹெரிஃபோர்டு நகரிலும் ஐந்து சந்தை ஊர்களிலும் அடங்கிவிடுகிறார்கள். நவம்பரில் மாலை நான்கரை மணிக்குக் கதவைத் திறந்து பார்த்தால் தெருவிளக்குக்கூட இருக்காது.

இனி வீட்டுக்கு வருகிறேன். அந்தச் சுவர்களைப் பார்த்து மயங்குவதற்கு முன் அவை எதனால் ஆனவை என்று தெரிந்துகொள்ளுங்கள். ஓக் சட்டங்களுக்கு நடுவே மரச்சிம்புகளைப் பின்னி, களிமண்ணும் சாணமும் வைக்கோலும் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்பு பூசியிருப்பார்கள். நம் தாத்தா காலத்து வீட்டுக்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை. சுண்ணாம்பு பூசும்வரை அந்தச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியே விடும். 1960, 70களில் பலர் அதன்மேல் சிமெண்டைப் பூசினார்கள். உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் கீழே இறங்கி, வீட்டின் எடை முழுவதையும் தாங்கும் அடிச்சட்டத்தில் போய்த் தங்கியது. நான் வாங்க நினைத்த முதல் வீட்டில் கட்டடத்தின் நிலையை ஆராய வந்த சர்வேயர் ஒரு திருப்புளியை எடுத்து அடிச்சட்டத்தில் லேசாக அழுத்தினார். நுங்கில் விரல் இறங்குவதுபோல அது பிடிவரை உள்ளே போனது. மேலே பார்த்தால் கறுப்புச் சாயம் பளபளவென்று இருந்தது. ஆகவே வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளரின் தாளை நம்பாமல், பழைய மரச்சட்ட வீடுகளில் பழக்கமுள்ள ஒருவரைப் பிடித்து, கட்டடத்தை மிக விரிவாகப் பார்க்கும் மூன்றாம் நிலை ஆய்வு செய்யச் சொல்லுங்கள். செலவு கூடுதல்தான், ஆனால் இதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பட்டியலில் உள்ள கட்டடம் என்பதால் இன்னொரு சிக்கல் உண்டு. 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, அனுமதியின்றி அதன் தன்மையை மாற்றுவது குற்றம். அதைவிட முக்கியமானது, பழைய வீட்டுக்காரர் அனுமதியில்லாமல் பிளாஸ்டிக் சன்னல் வைத்திருந்தாலும், அதை அகற்றும்படி உள்ளூராட்சிக் கவுன்சில் அனுப்பும் ஆணை இன்றைய சொந்தக்காரருக்குத்தான் வரும். இவ்வளவு ஆண்டு கழிந்துவிட்டது என்ற கால வரம்பும் அதற்குக் கிடையாது. உட்புறம், பின்கட்டு, தோட்டத்துப் பழைய கொட்டகை எல்லாமே பாதுகாப்புக்குள் வரக்கூடும். 1974 முதல் அங்கிருப்பவர் என்னென்ன செய்தார், எதற்கு அனுமதிக் கடிதம் வைத்திருக்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

செப்டிக் டேங்க் பற்றிக் கேட்டால் தரகர்கள் "எப்போதும் நன்றாகவே வேலை செய்கிறது" என்பார்கள். நம் கேள்வி அதுவல்ல, அதிலிருந்து வெளியேறும் நீர் எங்கே போகிறது என்பதுதான். செப்டிக் டேங்கிலிருந்து ஓடைக்கோ ஆற்றுக்கோ நேராகக் குழாய் விட்டிருந்தால், 2020 ஜனவரி 1 முதல் அது விதிமீறல். ஒன்று, நிலத்துக்குள் பரப்பி வடியவிடும் வடிகால் களம் அமைக்க வேண்டும். இல்லையென்றால் சுத்திகரிக்கும் சிறு நிலையமாக மாற்ற வேண்டும். வடிகால் களம் ஓடையிலிருந்து குறைந்தது 10 மீட்டரும் வீட்டிலிருந்து 15 மீட்டரும் தள்ளியிருக்க வேண்டும் என்பதால், அரை ஏக்கர் என்பது நீங்கள் நினைப்பதைவிடச் சிறிய இடம். எங்கள் வீட்டில் சோதித்த விதம் மிக எளிது: கழிப்பறையில் பச்சைச் சாயத்தைக் கொட்டித் தண்ணீர் விட்டுவிட்டு, ரப்பர் காலணியுடன் ஓடையில் இறங்கி நின்றோம். வீட்டுக்காரர் அனுமதித்தால் நீங்களும் செய்யுங்கள். அனுமதிக்க மறுத்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

ஓடை இருப்பதால் வெள்ளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020 பிப்ரவரியில் டென்னிஸ் புயலின்போது ஹெரிஃபோர்டில் வை ஆற்றின் நீர்மட்டம் 6.11 மீட்டரை எட்டியது. பதிவேட்டில் அதற்கு மேல் இல்லை. சுற்றுச்சூழல் முகமையின் வெள்ள வரைபடத்தில் ஆற்று வெள்ளம், மழைநீர்த் தேக்கம் இரண்டையும் தனித்தனியே பாருங்கள். ஓடைக்கரை உங்கள் எல்லை என்றால், வேறுவிதமாகக் காட்டும் ஆதாரம் இல்லாதவரை ஓடையின் நடுக்கோடு வரை உங்களுடையது. நீர் தடையின்றி ஓட வைப்பதும் உங்கள் பொறுப்பு. காப்பீட்டுக்கு ஃப்ளட் ரீ என்ற ஏற்பாடு 2009க்கு முன் கட்டிய வீடுகளுக்கு உதவுகிறது, ஆனால் அது 2039இல் முடிகிறது. உங்கள் வீட்டுக்கடன் அதற்குள் முடியுமா என்று பாருங்கள்.

தோட்டத்தில் இன்னொரு வீடு என்று தரகர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஆரோ ஆறு லக் ஆற்றில் கலக்கிறது. லக் ஆற்றில் பாஸ்பேட் மிகுதி, புது வீடுகளின் கழிவுநீர் அதை இன்னும் கூட்டும் என்பதால் 2019 முதல் அந்த நீர்ப்பிடிப்புப் பகுதியில் புது வீடுகளுக்கான அனுமதி முடங்கிப்போய், பிறகு கவுன்சிலே செயற்கைச் சதுப்பு நிலம் அமைத்து, அதில் குறையும் பாஸ்பேட்டுக்கு ஈடாகக் கட்டுநர்களுக்கு உரிமை விற்கும் நிலைக்கு வந்தது. பட்டியலிலுள்ள வீட்டின் தோட்டம் என்பது அதற்கு மேல் இன்னொரு தடை.

எண்ணெய்க் கொதிகலன் பயப்படும்படியான ஒன்றல்ல. ரேஷன் கடையில் வரிசையில் நின்று வாங்கிய அதே மண்ணெண்ணெய்தான். பெரும்பாலும் 500 லிட்டருக்குக் குறைந்து கொண்டுவர மாட்டார்கள். மின்சாரத்துக்கும் குழாய் எரிவாயுவுக்கும் உள்ள அரசு விலை வரம்பு இதற்குக் கிடையாது என்பதால், எங்கள் ஊரில் இருபது வீடுகள் சேர்ந்து ஒரே நாளில் ஆர்டர் கொடுக்கிறோம். கோடையில் நிரப்பிவிடுங்கள்.

பதில் 2 (எழுதியவர்: வூஸ்டர் கணக்கர்)

தம்பி, சுவரையும் கழிவுநீரையும் பற்றி அக்கா விரிவாக எழுதிவிட்டார். நான் கணக்குத் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவன். காணி உறுதியைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்த யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் பிறந்தபடியால், பத்திர விடயத்தில் எனக்கு அச்சம் கொஞ்சம் அதிகம்.

உங்கள் 3,000 பவுண்டுக் கணக்கு பிழை. முதல்முறை வாங்குவோர் என்பதற்குச் சட்டம் தரும் பொருள், இங்கிலாந்தில் முதல்முறை என்பதல்ல. உலகத்தில் எங்கேயும் ஒரு வீட்டில் உரிமை இருந்திருக்கக் கூடாது என்பதாகும். பரம்பரைச் சொத்தாக வந்த பங்கும் இதில் அடங்கும். எனவே பள்ளிக்கரணை வீடு உங்கள் பெயரில் வந்த அன்றே அந்தச் சலுகை போய்விட்டது. நீங்கள் இருவரும் சேர்ந்து வாங்கினால், உங்கள் மனைவிக்கு எங்கும் வீடு இல்லாவிட்டாலும் சலுகை கிடைக்காது.

அதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். வாங்கும் நாளின் முடிவில் உங்களிடம் 40,000 பவுண்டு அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள வேறொரு வீடு உலகின் எந்த மூலையில் இருந்தாலும், கூடுதல் வீட்டுக்கான மேல்வரி வரும். 2024 அக்டோபர் 31 முதல் அது 5 விழுக்காடு. முழு விலைக்கும் சேர்த்து. உங்கள் வீட்டுக்குப் போட்டுப் பாருங்கள். 2025 ஏப்ரலுக்குப் பிந்திய வீதப்படி முதல் 1,25,000 பவுண்டுக்கு வரி இல்லை, அடுத்த 1,25,000க்கு 2 விழுக்காடு, மீதி 1,10,000க்கு 5 விழுக்காடு, ஆகமொத்தம் 8,000. மேல்வரி 18,000. நீங்கள் கட்டப்போவது 3,000 அல்ல, 26,000.

இதற்கு வழி இருக்கிறது, ஆனால் பலர் தவறான வழியில் போகிறார்கள். மனைவியின் பெயருக்கு மாற்றிவிட்டால் போதும் என்பார்கள். கணவன் மனைவியை இந்த வரிக்கு ஒரே ஆளாகத்தான் பார்ப்பார்கள், எனவே பயனில்லை. வாங்கிய பிறகு மூன்று ஆண்டுக்குள் விற்றால் மேல்வரி திரும்பக் கிடைக்கும் என்றும் சொல்வார்கள். அது நீங்கள் குடியிருந்த முதன்மை வீட்டுக்குத்தான், அதிலும் வாங்கும் நாளுக்கு முந்திய மூன்று ஆண்டுக்குள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். நீங்கள் நான்கு ஆண்டுகளாக இங்கே இருக்கிறீர்கள். ஆகவே சென்னை வீட்டை விற்பதானால் இங்கே பத்திரம் முடிவதற்கு முன்பே விற்றுவிடுங்கள், அப்போது 8,000தான். இந்தியாவில் விற்கும் இலாபத்துக்கு இரு நாட்டு வரியும் உண்டு, இரட்டை வரி உடன்பாட்டின்படி அங்கே கட்டியதை இங்கே கழிக்க வேண்டும். அதற்கு ஒரு கணக்காளரைப் பிடியுங்கள். விற்க மனமில்லை என்றால் 26,000ஐ மனத்தில் வைத்து விலை பேசுங்கள்.

பத்திரம் பற்றி ஒன்று. வீட்டுக்காரர் 1974 முதல் அங்கே இருக்கிறார் என்றால், அந்தச் சொத்து நிலப் பதிவகத்தில் பதியாமலே இருக்கக்கூடும். இங்கிலாந்து முழுவதற்கும் விற்பனையின்போது பதிவு கட்டாயமானது 1990 டிசம்பரில்தான். 7 பவுண்டு கட்டி இணையத்தில் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். இல்லை என்று வந்தால் பழைய தாள்களை வைத்துத்தான் உரிமையை நிறுவ வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை, நேரம்தான் எடுக்கும். ஆனால் பொதுவான செப்டிக் டேங்க் எவருடைய நிலத்தில் இருக்கிறது, அதைப் பயன்படுத்தும் உரிமையும் செலவைப் பகிரும் கடமையும் எழுத்தில் இருக்கிறதா, வீட்டுக்கு வரும் பாதை எவருடையது, கவுன்சிலின் பொதுப்பாதை வரைபடத்தில் உங்கள் முற்றத்தின் ஊடாக நடைபாதை ஏதும் போகிறதா என்பவற்றைச் சொலிசிட்டரிடம் (பத்திர வேலை பார்க்கும் வழக்கறிஞர்) எழுத்தில் கேளுங்கள். கிராமத்துச் சொத்தில் பழக்கமுள்ள உள்ளூர்ச் சொலிசிட்டராக இருக்கட்டும். இங்கே ஒப்பந்தம் பரிமாறும் வரை இரு தரப்பும் வாக்கு மாறலாம். நம் ஊரில் முன்பணம் வாங்கியபின் பின்வாங்கினால் வரும் வெட்கம் இங்கே எவருக்கும் வராது.

பதில் 3 (எழுதியவர்: திரும்பியவன்)

வாங்கி வருந்தியவர்களும் எழுதலாம் என்று கேட்டிருந்தீர்கள். இதே ஹெரிஃபோர்டுஷயரின் மேற்கே கோல்டன் வேலிப் பக்கம் மூன்று ஆண்டு இருந்துவிட்டு விற்றுவிட்டு வந்தேன். வீட்டில் ஒரு குறையும் இல்லை.

இரவுப் பணி முடித்து, கண் எரிய, உயரமான வேலிச் செடிகளுக்கு நடுவே ஒரே வண்டி போகும் அகலமுள்ள பாதையில், எதிரே டிராக்டர் வந்தால் கால் மைல் பின்னோக்கி ஓட்டிப் பழகிக்கொள்ளுங்கள். மகளின் பள்ளியையும் நன்றாக யோசியுங்கள். எட்டு வயதுக்குக் கீழ் இரண்டு மைலுக்கும், அதற்கு மேல் மூன்று மைலுக்கும் அப்பால் பள்ளி இருந்தால் கவுன்சில் இலவசமாக வாகனம் தரும். ஆனால் அருகிலுள்ள பொருத்தமான பள்ளிக்குத்தான். நீங்கள் ஆசைப்பட்ட வேறொரு பள்ளிக்கு நீங்களேதான் வண்டியோட்ட வேண்டும். நடனம், நீச்சல், தோழியின் பிறந்தநாள் என்று பதினேழு வயதுவரை நீங்கள் அவளுடைய ஓட்டுநர்.

ஊர்க்காரர்கள் எங்களிடம் கெட்ட முகம் காட்டியதில்லை. வந்த முதல் வாரமே சட்னி பாட்டிலும் முட்டையும் வாசலில் இருந்தன. அவர்கள் சட்னி என்பது ஆப்பிளும் சர்க்கரையும் காடியும் சேர்த்துக் காய்ச்சியது, இட்லிக்குத் தொட்டுப் பார்க்க வேண்டாம். ஆனால் முப்பது மாதம் கழித்தும் அதே அன்பு, அதே தூரம். என் மனைவி ஒருநாள், இந்த வாரம் தமிழில் உங்களைத் தவிர வேறு எவரிடமும் நேரில் பேசவில்லை என்றாள். கோயிலுக்குப் பர்மிங்ஹாம் பக்கத்து டிவிடேல் பாலாஜி கோயில்வரை போய்வர ஒரு நாள் ஓடிவிடும். கறிவேப்பிலையை உறைபெட்டியில் வைத்துப் பழகிவிட்டோம். அந்தத் தனிமைக்கு அப்படி ஒரு வழி கிடைக்கவில்லை.

வாங்குவதற்கு முன் அதே ஊரில், அல்லது பக்கத்து ஊரில், நவம்பர் முதல் மார்ச்வரை வாடகைக்கு இருந்து பாருங்கள். ஜூனில் பார்த்து முடிவெடுக்கிற வீடல்ல அது.

பதில் 4 (எழுதியவர்: வெப்ளி அக்கா)

திரும்பியவன் எழுதியதில் பொய் இல்லை. ஆனால் ஊரில் நமக்கென்று ஒரு வேலை இருந்தால் அந்தத் தூரம் குறையும். நான் ஊர் மண்டபக் குழுவில் சேர்ந்து இரண்டு ஆண்டு நாற்காலி அடுக்கினேன். மூன்றாம் ஆண்டு என்னைக் கேட்காமலே சாவியைக் கொடுத்தார்கள். ஜனவரியில் ஆப்பிள் மரங்களுக்கு நல்வாழ்த்துப் பாடி வேரில் சைடர் ஊற்றுவார்கள். நம் பொங்கலும் அதே நாட்களில் வருவதால் நான் ஒரு பானை சர்க்கரைப் பொங்கலோடு போவேன். கோயில் என்று சொன்னதால் ஒன்று: மேற்கே வேல்சில், கார்மார்தன்ஷயரில் ஸ்கந்த வேல் இருக்கிறது. மலைச்சரிவில் முருகன். வூஸ்டர் கணக்கருக்குத் தெரிந்திருக்கும், அதை நிறுவியவரும் இலங்கையிலிருந்து வந்தவர்தான்.

மனைவி வீட்டிலிருந்து வேலை செய்கிறார் என்றீர்கள். கிராமங்களுக்கு வேக இணையம் தர வந்த ஃபாஸ்டர்ஷயர் திட்டத்தால் பல ஊர்களுக்குக் கண்ணாடி இழை இணைப்பு வந்துவிட்டது, ஆனால் ஊருக்கு வந்தது உங்கள் வாசலுக்கு வந்ததாகாது. அந்த முகவரியையே போட்டுப் பாருங்கள். கைப்பேசியை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் அறையிலும் நின்று பாருங்கள்.

கேள்வி கேட்டவரின் பின்குறிப்பு (எழுதியவர்: ஓடைக்கரை)

எட்டு வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

மூன்று நாள் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் மறுபடி போனோம். ஜூனில் கணுக்கால் அளவு இருந்த ஓடை, தோட்டத்துக் கடைசி ஆப்பிள் மரத்தின் அடியில் நின்றது. வீட்டு வாசற்படி அதைவிட ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயரம். வரைபடமும் வீட்டை ஆபத்துப் பகுதிக்கு வெளியே காட்டுகிறது. சர்வேயர் வடக்குச் சுவரில் சிமெண்டைக் கண்டார், அடிச்சட்டத்தில் நான்கடி நீளத்துக்கு உளுத்திருக்கிறது. பதிவேட்டில் சொத்து இல்லை. வூஸ்டர் ஐயா சொன்னது சரி. பழைய பத்திரங்களை வீட்டுக்காரர் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தார்.

சாயம் போட்டுப் பார்க்க அவர் தயங்காமல் சம்மதித்தார். மனைவி உள்ளே தண்ணீர் விட, நானும் மகளும் ஓடையில் நின்றோம். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கரையிலிருந்த புதருக்குள்ளிருந்து பச்சை நிறம் ஒரு நாடாபோல இறங்கி வந்தது, மகள்தான் முதலில் பார்த்தாள். வீட்டுக்காரர் உண்மையிலேயே அதிர்ந்துபோனார். ஐம்பது ஆண்டாக அது நிலத்தில்தான் வடிகிறது என்று நம்பியிருந்தார். டேங்க் இருப்பது பக்கத்து வீட்டு அம்மையாரின் நிலத்தில். உரிமை பற்றி 1958ஆம் ஆண்டுப் பத்திரத்தில் ஒரு வரி இருக்கிறது, செலவைப் பகிர்வது பற்றி ஒன்றுமில்லை.

இப்போதைய நிலை இது. சுத்திகரிப்பு நிலையத்துக்கும் அடிச்சட்டத்துக்குமாக 30,000 பவுண்டு குறைத்துக் கேட்டிருக்கிறோம். வீட்டுக்காரர் 18,000வரை இறங்கியிருக்கிறார். பள்ளிக்கரணை வீட்டுக்கு ஆள் பார்க்கச் சொல்லி அப்பாவிடம் சொல்லிவிட்டேன், அவருக்கு அதில் வருத்தம்தான். அதே ஊரில் ஒரு விடுமுறை வீட்டைப் பிப்ரவரி முடியும்வரை வாடகைக்குக் கேட்டிருக்கிறோம், இரவுப் பணிப் பயணத்தை அங்கிருந்து பழகிப் பார்க்கலாம் என்று. பக்கத்து வீட்டு அம்மையாருக்கு எண்பது கடந்துவிட்டது. டேங்க் பற்றிப் பேசப் போன எங்களை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துவிட்டு, தன் பங்கைத் தர மாட்டேன், ஆனால் தன் நிலத்தைத் தோண்டிக்கொள்ளலாம் என்றார். இதை எழுத்தில் எப்படி வாங்குவது, அவருக்கு எழுத ஒரு தனிச் சொலிசிட்டர் வேண்டுமா என்பதை வூஸ்டர் ஐயா சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 5 (எழுதியவர்: வூஸ்டர் கணக்கர்)

வேண்டும், தம்பி. அவருக்கென்று தனியாக ஒருவர் இருக்கட்டும், கட்டணத்தை நீங்கள் கொடுங்கள். பிற்காலத்தில் அவருடைய பிள்ளைகள் வந்து, தாயார் என்னவென்று விளங்காமல் கையெழுத்து வைத்தார் என்று சொல்ல இடம் வைக்கக் கூடாது. நிலத்தைத் தோண்டவும், நிலையத்தை அங்கே நிரந்தரமாக வைக்கவும், பழுதுபார்க்கவும், கழிவு அள்ளும் லாரி வந்துபோகவும் உரிமை என்று நான்கையும் ஒரே பத்திரத்தில் எழுதி, நிலப் பதிவகத்தில் இரு சொத்தின் பேரிலும் பதியச் செய்யுங்கள். அவருடைய காணியும் பதிவாகாமல் இருக்கக்கூடும், அதை இன்றைக்கே 7 பவுண்டு கட்டிப் பாருங்கள். லாரி அந்தப் பாதையில் திரும்புமா என்று ஒருமுறை அளந்தும் பாருங்கள்.